ஹேண்டில் முனையில ஒரு ரப்பர் மூடி

கொஞ்சம் நீளமான இழை. பிள்ளைங்களுக்கு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தவங்க, வாங்கப் போறவங்க பொறுமையா படிங்க. நான் சொல்றது பெட்ரோல் வண்டி இல்ல. ஒரு காலைப் பலகையில வச்சு இன்னொரு காலால தரையை உதைச்சு ஓட்டுற கிக் ஸ்கூட்டர்.

பொங்கல் லீவு முடியற நேரம். ஒரத்தநாடு பக்கத்துக் கிராமத்துலேருந்து எட்டு வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. பெங்களூருலேருந்து அப்பாயி வீட்டுக்கு வந்தவன். முதல் நாள் சாயங்காலம் ஸ்கூட்டர்லேருந்து விழுந்திருக்கான். முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான். எழுந்து மறுபடி விளையாடப் போயிட்டான். ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு படுத்தவன், விடிஞ்சதும் வாந்தி. "கரும்பு நிறைய கடிச்சான் சார், ஒத்துக்கல போல" என்றார் அப்பாயி.

வாந்தி என்ன நிறம்னு கேட்டேன். பச்சை.

சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்குக் கொஞ்சம் மேல, ஒரு நாணயம் அளவுக்கு வட்டமா கன்றிப்போன தடம். வீட்டுல யாரும் அதைக் கவனிக்கல. முட்டிக்கு மஞ்சள் வச்சுவிட்டிருந்தாங்க, வயித்தைப் பார்க்கத் தோணல. தப்பு சொல்ல முடியாது, வலியை அவன் முட்டியிலதான் சொல்லியிருக்கான்.

இரைப்பை முடியற இடத்துல முன்சிறுகுடல் ஆரம்பிக்குது. அதுவும் கணையமும் முதுகெலும்புக்கு முன்னாடி, அதை ஒட்டியே இருக்கு. முன்னாடியிலேருந்து ஒரு குழாய் வேகமா குத்தினா, பின்னாடி எலும்பு, முன்னாடி குழாய், நடுவுல இதுங்க நசுங்கும். குழந்தைங்களுக்கு வயித்துல தசையும் கொழுப்பும் கம்மி, தாங்காது. குடல் சுவர்ல ரத்தம் கட்டி, மெல்ல வீங்கி, வழியை அடைக்கும். அதனாலதான் விழுந்த உடனே ஒண்ணும் தெரியறதில்ல. ஒரு நாள், சில சமயம் ரெண்டு மூணு நாள் கழிச்சு வாந்தி வரும். சி.டி. ஸ்கேன்ல அதேதான் இருந்துச்சு. நல்லவேளை குடல் கிழியல, கணையத்துல அடி இல்ல. இந்த மாதிரி ரத்தக்கட்டு பெரும்பாலும் ஒண்ணுலேருந்து மூணு வாரத்துல தானா கரைஞ்சிடும். ஆபரேஷன் தேவைப்படல. மூக்கு வழியா டியூப், வாய் வழியா ஒண்ணும் கிடையாது, எல்லாம் டிரிப்ஸ்ல. பன்னிரண்டு நாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு முன்னாடி யாரும் சாப்பிடக்கூடாதுன்னு அந்தக் குடும்பமே வராண்டாவுல போய்ச் சாப்பிட்டுச்சு.

அவன் அப்பா கேட்டார், "இத்துனூண்டு வண்டி டாக்டர், அதுல போய் எப்படி?" வண்டியைக் கொண்டு வாங்கன்னேன். கார் டிக்கியில இருந்துச்சு. பார்த்ததும் புரிஞ்சுது. ஹேண்டில்ல வலது பக்கம் ரப்பர் பிடி முனை கிழிஞ்சு, மூடி போயிருக்கு. வெறும் குழாய் வாய் வெளியே தெரியுது. பிஸ்கட் மாவை வெட்டுற அச்சு மாதிரி.

அவர்கிட்ட சொல்லிட்டு வண்டியை எங்க தெரு சைக்கிள் கடை அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். ஒரு எல் கீ செட்டை வச்சு அரை மணி நேரத்துல மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுட்டார். "என்ன சார், இதுக்கும் போஸ்ட்மார்ட்டமா?"ன்னார்.

முதல்ல சக்கரம். சைக்கிள் சக்கரம் ரெண்டடி விட்டம் இருக்கும். இது பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். மூணு சென்டிமீட்டர் கல்லு வந்தா சைக்கிள் ஏறி இறங்கிடும். இது அப்படியே நிக்கும், பிள்ளை மட்டும் நிக்க மாட்டான். முன்சக்கரம் ஒரு பக்கமா திரும்பும், கூடவே ஹேண்டிலும் திரும்பும், அதோட ஒரு முனை நேரா வயித்தைப் பார்க்கும். அதுமேலதான் விழுறான்.

நம்ம ஊர்ல பொங்கல் லீவுன்னா சம்பா அறுவடை. கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல இருந்தா நெல்லை எடுக்கத் தயங்குவாங்க. எல்லார்கிட்டயும் களம் கிடையாது, அதனால தார் ரோட்டுல பாதியில நெல்லு காயும், வண்டி ஏறாம இருக்க ஓரத்துல வரிசையா கல்லு. இவன் ஓட்டினது அந்த ரோட்டுலதான். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. சுவிட்சர்லாந்துல விம் ஒபோட்டர்ங்கிறவர், நடக்கத் தூரம், சைக்கிள் எடுக்கப் பக்கம்னு இருந்த கடைக்குப் போறதுக்காக இந்தச் சின்னச் சக்கர வண்டியை யோசிச்சதா சொல்லுவாங்க. சூரிச் நடைபாதையை நினைச்சுச் செஞ்ச வண்டி, நெல்லு காயற ரோட்டுக்குச் செஞ்சதில்ல. வீட்டு வாசல் சிமெண்ட் தரை, கோயில் வெளி மாதிரி வழவழப்பான இடம், அங்க ஓட்டட்டும்.

சக்கரத்துக்குள்ள இருக்கிற பேரிங் பெரும்பாலும் 608. உள் விட்டம் 8 மில்லிமீட்டர், வெளி விட்டம் 22, அகலம் 7. பிள்ளைங்க விரல்ல சுத்தின ஸ்பின்னர்ல இருந்தது இதேதான். பெட்டியில ஏபெக் 7, ஏபெக் 9னு பெருசா போட்டிருப்பாங்க. அது எவ்வளவு துல்லியமா செஞ்சதுங்கிற கணக்கு, வேகத்தோட கணக்கு இல்ல. அதுக்குக் கூடக் காசு கொடுக்காதீங்க. "நம்ம சேத்துக்கும் தூசிக்கும் ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டதா பார்த்து வாங்கணும் சார்"னார் அண்ணன். தகரம் மூடினதுல தூசி போய், சக்கரம் கரகரன்னு இறுகிடுமாம்.

அடுத்து மடக்குற இடம். பூட்டுற லீவர் தளர்ந்திருந்தா ஓடும்போதே மடங்கும். மடக்கும்போது விரல் மாட்டும், அதனால பெரியவங்களே மடக்குங்க. ஹேண்டில் கம்பத்தோட கிளாம்ப் போல்ட்டை மாசம் ஒரு தடவை இறுக்குங்க. முன்சக்கரத்தை ரெண்டு முட்டிக்கு நடுவுல பிடிச்சுக்கிட்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்க. ஹேண்டில் மட்டும் திரும்பினா அந்த வண்டியை வெளியே விடாதீங்க.

பின்சக்கரத்து மேல இருக்கிற மட்கார்டுதான் பிரேக்கு. குதிகாலால மிதிக்கணும். ஈரத்துல பிடிக்காது. ரொம்ப நேரம் மிதிச்சா சூடாகும், வெறுங்காலோட ஓட்டுற நம்ம பிள்ளைங்க அதைச் சீக்கிரமே கண்டுபிடிச்சிருப்பாங்க.

கூட விக்கிற சாமான்கள்ல எனக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். மினுக்கற சக்கரத்துல பயம் இல்ல, அதுல காந்தமும் கம்பிச் சுருளும்தான், பேட்டரி கிடையாது. ஆனா ஹேண்டில்ல மாட்டுற மலிவான லைட்டு, பாட்டுப் பாடுற ஹாரன், இதுல பட்டன் பேட்டரி இருக்கும். மூடிக்கு ஸ்க்ரூ இல்லேன்னா வாங்காதீங்க. வீட்டுல தவழுற தம்பி, தங்கச்சி இருக்கும் இல்லையா? முழுங்கி உணவுக்குழாய்ல நின்னா ரெண்டு மணி நேரத்துலயே சுவரை அரிக்க ஆரம்பிச்சிடும். வாந்தி எடுக்க வைக்காதீங்க, வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீங்க. உடனே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

இன்னொண்ணு பாதுகாப்பு செட். ஹெல்மெட் கட்டாயம், புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம் விட்டு நேரா உட்காரணும், நாடா மாட்டியிருக்கணும். முட்டி, முழங்கை பேடும் நல்லது. மணிக்கட்டு கார்டு மட்டும் வேண்டாம். ஸ்கேட்டிங்குக்கு அது சரி. ஸ்கூட்டர்ல பிடியை இறுக்கிப் பிடிக்க விடாதுன்னு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் வேண்டாம்னுதான் சொல்லுது. கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வீங்கினா, எக்ஸ்ரே பார்க்காம இறுக்கிக் கட்டு போட்டுக் கூட்டிட்டு வராதீங்க. விரல் நீலமாகி வந்த பிள்ளைங்களை நான் பார்த்திருக்கேன்.

கடைசியா அந்த ரப்பர் மூடி. அண்ணன் ஒரு டப்பாவைக் கவுத்து, சைக்கிளுக்குப் போடுற முனை அடைப்பு ஒரு கைப்பிடி எடுத்தார். உள்ள தட்டி, மேல புதுப் பிடி மாட்டி, இழுத்துப் பார்த்தார். வரல. மூடிக்குக் காசு வேண்டாம்னுட்டார், பிடிக்கு மட்டும் வாங்கிக்கிட்டார். ஸ்கூட்டர்னு இல்ல, பள்ளிக்கூடத்துல கொடுத்த சைக்கிளா இருந்தாலும் இன்னிக்கே போய் ரெண்டு முனையையும் தடவிப் பாருங்க. விரல்ல இரும்பு பட்டா மாத்திடுங்க. விழுந்த பிள்ளைக்கு வயித்துல வட்டமா தடம் இருந்தா, அவன் சிரிச்சுக்கிட்டு இருந்தாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.

பையன் டிஸ்சார்ஜ் ஆகும்போது அப்பாயி கேட்டார், "அந்த வண்டியைத் தலையைச் சுத்தி ஆத்துல போட்டுடவா சார்?" வேண்டாம்மா, மூடி போட்டாச்சுன்னேன். அவர் நம்பல. வண்டி இப்போ பரண் மேல இருக்காம். பையன் போன்ல என்கிட்ட சிபாரிசு கேட்டான்.