சுனாமி வந்தப்போ கைக்குழந்தை

“செவ்வாயும் வெள்ளியும் வெள்ளை ஷூ சார். அன்னிக்கு பி.டி. புதன்கிழமை கலர் டிரெஸ்.”

2017 ஜூன் மாதம் குழந்தைகள் நலக் குழுவின் முன் அந்தப் பெண் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தைகள் இவை. பள்ளிக்கூடம் போனாயா என்று கேட்டிருந்தார்கள். அடையாறில் அவள் வேலை பார்த்த அடுக்குமாடி வீட்டுச் சிறுமியின் சீருடைக் கணக்கை அவள் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தினம் அதைத் துவைத்து இஸ்திரி போட்டவள் அவள்தான். அந்தச் சிறுமி இவளைவிட ஒரு வயது சின்னவள். இருந்தும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

எதிர் வீட்டு அம்மாள் ஒருவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்ததால் அவள் வெளியே வந்தாள். கச்சேரி சாலையில் இருந்த என் வக்கீல் அலுவலகத்துக்கு அவளுடைய அம்மாவை அழைத்து வந்தார்கள். கடலூர்ப் பக்கம் ஒரு கடலோரக் கிராமம். பெண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டேன். “சுனாமி வந்தப்போ கைக்குழந்தைங்க ஐயா. இடுப்புல இடுக்கிக்கிட்டுதான் ஓடுனேன்” என்றார்.

எனக்கு அது போதும். சட்டத்துக்குப் போதாது. அந்த வீட்டுக்காரர்கள் கையில் ஓர் ஆதார் அட்டை இருந்தது. அதில் பிறந்த ஆண்டு 1999. பதினெட்டு வயதுப் பெண்ணை வேலைக்கு வைத்தால் என்ன குற்றம் என்பது அவர்கள் வாதம். சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவு வயதை எப்படி முடிவு செய்வது என்று வரிசைப்படுத்துகிறது. முதலில் பள்ளிச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. எனவே பஸ் ஏறினேன். ஊராட்சிப் பள்ளியின் தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். பிறந்த தேதி 5.6.2004. (தேதி தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் நம் ஊர்ப் பள்ளிகளில் மே, ஜூனில்தான் பிறந்தநாள் வரும். ஆனால் ஆண்டு சரி; அந்தத் தாய் சொன்ன சுனாமியோடு பொருந்தியது.) பதின்மூன்று முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வேலைக்கு வந்தபோது பதினொன்றரை.

பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதலே தடை. 2016-இல் சட்டத்தைத் திருத்தி எல்லா வேலைகளுக்கும் அந்தத் தடையை விரித்தார்கள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். அந்த வாசலை எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயும் எதிர்த்தரப்பு அதில்தான் நுழையப் பார்த்தது: “எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி வெச்சிருந்தோம்.”

அந்தப் பிள்ளையின் விரலிடுக்குகளை நான் பார்த்தேன். எந்நேரமும் ஈரத்தில் ஊறி வெளுத்து, தோல் பிளந்து கிடந்தன. மழைக்காலத்தில் காலில் வருமே சேற்றுப்புண், அது கையில் வந்திருந்தது. டம்ளரை ஐந்து விரலாலும் பிடிக்க முடியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் குடித்தாள். பட்டாசு ஆலையில் வெடித்தால் ஊரே ஓடிவரும். அடுக்குமாடிக் கதவுக்குப் பின்னால் நடப்பதைப் பக்கத்து வீட்டார் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

ஏன் அனுப்பினாய் என்று அந்தத் தாயிடம் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். 2015 நவம்பர் மழை கடலூரைப் புரட்டிப்போட்டபோது கூரையும் போனது, படகு எஞ்சினும் போனது. அடையாறு வீட்டார் கொடுத்தது நாற்பதாயிரம் முன்பணம். பெண்ணுக்கு மாதம் 2,500 சம்பளம், அதைக் கடனில் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. 2016 ஜனவரியில் சென்னைக்கு வந்தாள். அவர்கள் கணக்குப்படியே பதினாறு மாதத்தில், அதாவது 2017 ஏப்ரலோடு, கடன் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் காட்டிய நோட்டில் சாப்பாடு, துணி, மாத்திரை என்று பிடித்தம் போக இன்னும் 22,000 பாக்கி நின்றது. விரல் புண்ணுக்கு வாங்கிய களிம்பும் அதில் இருந்தது.

நான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தது அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான். 1976-ஆம் ஆண்டுச் சட்டம். இப்படிப்பட்ட கடன் அதன்படி அடியோடு அற்றுப்போகும். கூலியைப் பிடித்துவைத்ததற்கு சிறார் நீதிச் சட்டம் 79-ஆம் பிரிவும் பொருந்தும். ஐந்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் அபராதம்.

வாதத்துக்காக எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கின் தீர்ப்பை மறுபடி படித்தேன். சிவகாசிக் குழந்தைகளுக்காகப் போட்ட வழக்கு. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி கட்ட வேண்டும்; குழந்தைக்குப் பதில் அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை தேடித்தர வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 போட வேண்டும் என்றது. வறுமை இருக்கிறவரை இது போகாது என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வலிப்பது அந்த 20,000. இருபது வருஷம் கழித்து, 2016 திருத்தத்தில் குறைந்தபட்ச அபராதம் 20,000. அதே ஆண்டு வந்த கொத்தடிமை மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி அப்போது அதிகபட்சம் 20,000-ஆக இருந்தது. அரிசி விலை மட்டும் அங்கேயே நிற்கவில்லை. மறுவாழ்வுத் தொகையின் பெரும்பங்கு குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்த பிறகுதான் வரும். பதின்மூன்று வயதுப் பெண்ணை, வழக்கு முடியும்வரை காத்திரு என்கிறோம்.

அவள் மீட்கப்பட்ட அதே மாதம் 13-ஆம் தேதி, குழந்தை உழைப்புக்கு எதிரான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 138, 182 எண் உடன்படிக்கைகளை இந்தியா ஏற்றது. 2024 கணக்கில் உலகம் முழுவதும் 13.8 கோடிக் குழந்தைகள் இப்படி உழைக்கிறார்கள், 5.4 கோடிப் பேருடையது உடலுக்கோ உயிருக்கோ ஆபத்தான வேலை. பாதிக்கு மேல் வயல்வேலை. கானாவின் கோகோ தோட்டத்துப் பையனின் அப்பாவுக்கும் இந்தப் பெண்ணின் படகுக்கார அப்பாவுக்கும் ஒரே இடத்தில்தான் கழுத்து நெரிகிறது. விளைச்சலோ வலையோ ஏமாற்றுகிற வருஷத்தில் கைமாற்றுக்குப் போக வேறு இடமில்லை.

வருவாய்க் கோட்டாட்சியரிடமிருந்து விடுதலைச் சான்றிதழ் வாங்க ஐந்து மாதம் ஆனது. கடன் இனி இல்லை என்று நான் எத்தனை முறை சொல்லியும் அந்தத் தாய் நம்பவில்லை. “பத்திரம் அவங்ககிட்டதானே ஐயா இருக்கு?” அவருக்காகவே அந்த இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரைக் கேட்டு வாங்கினேன்.

என் மேஜை மேல் வைத்ததும் அவர் அதைத் தொடவில்லை. மகள் பக்கம் தள்ளினார். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவள், விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். கைமாற்றாக, ரூபாய் நாற்பதாயிரம், குடும்பச் செலவுக்காக, ரொக்கமாக. கடைசி வரியில் அம்மாவின் கைநாட்டு வரை போனாள். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். வெறும் தாள்.

“என் பேரு எங்க சார் இருக்கு?” என்றாள்.