பெரியப்பாவின் ஃபுசி

ஓசூரில் வேலை பார்க்கும் பேரன் பொங்கலுக்கு செலியமேடு வந்திருந்தான். அவன் கம்பெனி ராணுவத் தளவாடங்களுக்கு உதிரிபாகம் செய்கிறது. "உள்ளே செல்போன் கூடாது, வரைபடத்தை எடுத்தால் கையெழுத்து, கழித்துப்போட்ட துண்டுக்குக்கூடக் கணக்கு. ஒரு சின்ன இரும்புக்கு இத்தனை பதிவேடா தாத்தா?" என்று அலுத்துக்கொண்டான்.

பாதுகாப்பு உற்பத்தியைத் தனியாருக்குத் திறந்துவிட்டது 2001-இல். அப்படி உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கென்று மத்திய அரசு 2014-இல் ஒரு பாதுகாப்புக் கையேடே வெளியிட்டது. விதியெல்லாம் அவனுக்கு மனப்பாடம். எதற்காக என்பதற்கு என்னிடம் ஒரு வீட்டுக் கதை இருந்தது.

எங்கள் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. வீட்டில் இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார், முறையான உரிமத்தோடு. அதை 'ஃபுசி' என்றுதான் சொல்வார். தேர்தல் அறிவித்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிவு வந்தபின் திரும்ப வாங்கி வருவார்.

எண்பதுகளில் அவர் காலமானார். அப்போது ஆயுத உரிமப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்தால் அது வாரிசுக்குத் தானாக வராது. தாமதிக்காமல் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம், அல்லது விற்றுவிடலாம். இதை எத்தனையோ பேருக்குக் கண்டிப்பாகச் சொன்னவன் நான்.

பெரியம்மாவிடம் மட்டும் வாய் வரவில்லை. "அவரு கை பட்ட பொருளுடா, காரியம் முடியட்டும்" என்றார். காரியம் முடிந்தது. நான்கு மாதமும் ஓடியது. அறிவிப்பு அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலை எழுதும்போதெல்லாம் பெரியப்பா பெயரைத் தாண்டிப் போனேன். முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் தெரிந்தே நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் போய், தோட்டாப் பெட்டியைத் திறந்து எண்ணினேன். அவர் கைப்பட எழுதி வைத்த கணக்கில் பத்து. பெட்டியில் எட்டு. வீடு முழுக்கத் தேடினோம். இரண்டும் ஏழு வயதுப் பேரப்பிள்ளையின் கோலிக்குண்டு டப்பாவில் கிடந்தன. பெரியம்மா அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அவரே என்னோடு பாகூர் ஸ்டேஷனுக்கு வந்தார். தாமதத்துக்கு நான் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன். அலுவலகத்தில் கிடைத்த கண்டிப்பையும் வாங்கிக்கொண்டேன். துப்பாக்கி பிறகு விற்கப்பட்டது. ஒப்படைத்த ரசீதை மட்டும் பெரியம்மா கடைசிவரை பெரியப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

பேரனிடம் சொன்னேன்: "பதிவேடு உன்னைச் சந்தேகப்பட்டு வைப்பதில்லை, தம்பி. நீ இல்லாத நாளில் அந்தப் பொருள் யார் கையில் இருக்கும் என்பதற்காக வைப்பது."

நம் பக்கத்தில் சொல்தா வீடுகள் நிறைய. பரணில் பழைய துப்பாக்கி ஏதும் இருந்தால், இதைப் படிப்பவர்கள் இன்றே இறக்கிப் பாருங்கள். காகிதம் யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உரிமத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். தோட்டாக்களையும் எண்ணிவிடுங்கள்.