பின்தொடர்தல்

ஆனி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்பவர், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசிவரும் காற்றை எதிர்கொண்டே ஆக வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அந்தக் காற்று, எதிரே வரும் வாகனங்களிடம் எரிபொருளையும் வரியாக வாங்கிக்கொள்கிறது. சென்ற ஆனியில், தக்கலையில் நடந்த ஒரு நிக்காஹுக்காக அவ்வழியே சென்றோம். காரை ஓட்டியவன் என் தங்கை மகன். பின்னிருக்கையில் தங்கையும், அவள் மடியில் பேரக் குழந்தையும்.

வள்ளியூரைக் கடந்ததும் மருமகன், பாரம் ஏற்றிச் சென்ற பெரிய லாரி ஒன்றின் பின்னே காரை ஒட்டினாற்போல் செலுத்தலானான். இரண்டு கார் நீளம்கூட இடைவெளி இல்லை.

“ஏனப்பா இவ்வளவு நெருக்கம்?” என்றேன்.

“லாரி காற்றைப் பிளந்துகொண்டு போகிறது, மாமா. அதன் மறைவில் போனால் பெட்ரோல் மிச்சம்” என்றான்.

அவன் கூறியது பொய்யன்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பெரிய வாகனம் ஒன்று முன்னே செல்லுங்கால் அதன் பின்புறத்தில் காற்றின் அழுத்தம் குறைந்து, அங்கே வருபவருக்கு எதிர்ப்பும் குறைகிறது. 2007ஆம் ஆண்டில் ‘மித்பஸ்டர்ஸ்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் சோதித்தார்கள். மணிக்கு 55 மைல் வேகத்தில், லாரிக்கு 100 அடி பின்னால் சென்ற கார் நூற்றுக்கு 11 பங்கும், 10 அடி பின்னால் சென்றபோது 39 பங்கும் கூடுதல் சிக்கனம் காட்டியது.

வீண்விரயம் கூடாதென்று மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன் நான். “நல்ல பழக்கம்தான், இஸ்ராஃப் எதிலும் ஆகாது” என்று அவனை மெச்சினேன். அந்த மெச்சுதல் இன்றும் என் நெஞ்சைச் சுடுகிறது.

பணகுடிக்கு அருகே ஓர் ஆட்டுமந்தை சாலையைக் குறுக்கிட்டது. அது லாரி ஓட்டுநருக்குத் தெரிந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கண்முன் இருந்ததெல்லாம் லாரியின் பின்பலகையும், அதில் எழுதியிருந்த ‘இடைவெளி விடுக’ என்ற வாசகமுமே. லாரி சட்டென வேகம் தணிந்தது. அதன் பிரேக் விளக்குகள் எரியவே இல்லை. மருமகன் பிரேக்கை மிதித்து, காரை இடப்புறம் மண்ணில் இறக்கினான். லாரியின் பின்சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் கார் நின்றது. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி தங்கை முன்னிருக்கையில் மோதினாள், நெற்றி வீங்கிவிட்டது. குழந்தை வீரிட்டு அழுதது.

லாரி ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார். முதியவர், அவர் கைகள் நடுங்கின. “நீங்க பின்னால வர்றதே எனக்குத் தெரியாது, பாய்” என்றார்.

அந்த ஒரு சொல் என்னை என் பாடத்துக்கே திருப்பியது. ஷாஃபியீ மத்ஹபின் ஃபிக்ஹு நூல்களில் ஜமாஅத் தொழுகையின் பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஐவேளைத் தொழுகையில், தம்மை ஒருவர் தொடர்வதை இமாம் அறியாதிருந்தாலும் தொழுகை கூடும். ஆனால் மஃமூமோ இமாமின் அசைவுகளை அறிந்தே தீர வேண்டும்: கண்ணால் கண்டோ, குரலைக் கேட்டோ, முன்வரிசையைப் பார்த்தோ அறிய வேண்டும். அறியும் கடமை பின்தொடர்பவனையே சார்ந்தது. தொழுகையைச் சாலையோடு ஒப்பிடுவதாக எவரும் கருத வேண்டா. பின்தொடர்தலின் இலக்கணத்தை அங்கே கற்பிப்பவன் இங்கே மறந்தேன் என்பதே என் குற்றம்.

2016ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் பல நாடுகளிலிருந்து லாரிகள் அணியணியாக ராட்டர்டாம் துறைமுகத்துக்கு ஓட்டிக் காட்டப்பட்டன. அங்கே முன்வண்டி பிரேக் பிடித்தால், கம்பியில்லாத் தொடர்பின் வழியே பின்வண்டிக்கும் அக்கணமே செய்தி எட்டிவிடும். முன்னவரும் அறிவார், பின்னவரும் அறிவார். எங்களுக்கு இருந்ததோ ஒரு மனிதனின் கண்ணும் காலும் மட்டுமே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுகிறோம். கண் கண்டு கால் அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு விநாடி ஆகிறது.

பின்னர் அமைதியாகக் கணக்கிட்டபோது மற்றொன்றும் புலனாயிற்று. வழக்கமாக 100இல் ஓட்டுபவன், லாரிக்காக 80க்கு இறங்கியிருந்தான். அந்த வேகக் குறைவு ஒன்றினாலேயே காற்றின் எதிர்ப்பு நூற்றுக்கு 36 பங்கு குறைகிறது. எவருடைய முதுகுக்குப் பின்னும் ஒளியாமலேயே கிடைக்கும் மிச்சம் அது. 80 கிலோமீட்டர் பயணத்தில் அதற்கு நாம் கொடுக்கும் விலை 12 நிமிடம்.

பெட்ரோல் பொருள், உயிர் அமானிதம். நன்மையைத் தேடுவதைவிடத் தீங்கைத் தடுப்பதே முந்தியது என்ற ஃபிக்ஹு விதியை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு குழந்தையின் அழுகையே அதை எனக்குச் சொல்லித் தந்தது.

திரும்பி வரும்போது, முன்வண்டி கடந்த கம்பத்தை நாங்கள் கடக்க மூன்று விநாடியேனும் ஆகும்படி மருமகன் இடைவெளி விட்டு ஓட்டினான். அந்த இடைவெளியில் வேறு கார்கள் புகுந்தன. அவன் முணுமுணுக்கவில்லை, மீண்டும் மீண்டும் வேகம் தணித்து விட்டுக்கொடுத்தான். நானும் இம்முறை மெச்சவில்லை. மனத்துக்குள் இறைவனைப் புகழ்ந்தேன்.

யாரைத் தொடர்கிறோம், எவ்வளவு நெருங்கித் தொடர்கிறோம் என்று அறிந்து நடக்கும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.