கனவானும் கொல்லனும்

சாள்ஸ் டிக்கன்ஸின் 'கிரேற் எக்ஸ்பெக்ரேஷன்ஸ்' நாவலைப் பலமுறை வாசித்துள்ளேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலேதான் நூலை மூடிவைத்துச் சிறிது நேரம் வாளாவிருக்க நேர்ந்தது. கிராமத்துக் கொல்லனாகிய ஜோ, தான் வளர்த்த பிப்பைக் காண இலண்டனுக்கு வரும் இடம் அது.

பிப் அப்பொழுது கனவானாகிக் கொண்டிருக்கிறான். முகமறியா ஒருவர் வழங்கும் பணத்தில் வாழ்கிறான். செய்வதற்கு வேலை எதுவுமில்லாத வேலைக்காரப் பையன் ஒருவனுக்குப் பகட்டான உடையும் அணிவித்து வைத்திருக்கிறான். அவ்வறையினுள் தனக்குப் பொருந்தாத நல்லுடையிலே வந்து நிற்கிறான் ஜோ. தொப்பியை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. கணப்படுப்பின் மேற்றட்டிலே வைக்கிறான். அது விழுந்துகொண்டே இருக்கிறது. பிப்பை ஒருகால் பெயர் சொல்லி அழைக்கிறான். மறுகால் 'ஐயா' என்கிறான். பணம் கொடுத்து இவ்வருகையைத் தடுத்திருக்க முடியுமாயின் தடுத்தேயிருப்பேன் எனப் பின்னாளிற் கதைசொல்லும் பிப் ஒளிக்காது கூறுகின்றான். ஊரிலிருந்து வந்து, பல்கலைக்கழக விடுதியின் வரவேற்பறையிலே கதிரையின் விளிம்பில் அமர்ந்திருக்கும் தந்தையரைக் கண்டவர்க்கு இப்பகுதிக்கு உரை வேண்டியதில்லை.

இந்நாணம் பிப்பிடம் இயல்பாக இருந்ததன்று, கற்பிக்கப்பட்டது. சிறுவயதில் ஹவிஷாம் சீமாட்டியின் மாளிகையிலே எஸ்ரெல்லா அவனுடைய முரட்டுக் கைகளையும் தடித்த சப்பாத்துகளையும் கண்டு நகைக்கிறாள். அதுவரை அவன் தன் கைகளைப் பற்றி எண்ணியதேயில்லை. பின்னர் இலண்டனில் ஹேர்பேட், உணவருந்தும்போது கத்தியை வாயிலிடலாகாது என மிகப் பண்பாகத் திருத்துகிறான். ஏளனத்தாற் புகட்டப்பட்டது அன்பினால் நிறைவு பெறுகின்றது. இதனை டிக்கன்ஸ் நூல்களிற் கற்றாரல்லர். 1824இல், பன்னிரண்டு வயதுச் சிறுவனாக, தந்தை கடனுக்காகச் சிறையிலிருந்த காலத்தில், வாரம் ஆறு சிலிங் கூலிக்குச் சப்பாத்து மைச் சாடிகளுக்குப் பெயர்த்தாள் ஒட்டியவர் அவர். 1870இல் அவர் மறைந்த பின்னர், நண்பர் ஜோன் போஸ்ரர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வாயிலாகவே வாசகவுலகம் அதனை அறிந்தது. புகழின் உச்சியிலிருந்தும் அதனை வெளியிட அவருக்கு மனம் வரவில்லை!

1860 டிசெம்பரிலிருந்து 1861 ஓகஸ்ற் வரை வாரந்தோறும் வெளிவந்த இத்தொடர்கதையின் மையமான திருப்பம் யாவரும் அறிந்ததே. பணம் அனுப்பியவர் சீமாட்டியல்லர். நியூ சவுத் வேல்சுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கு ஆடு வளர்த்துப் பொருளீட்டிய மக்விச் என்னும் கைதி. எஸ்ரெல்லாவோ அவனுடைய மகள். கனவானின் தூய ஆடையும் சீமாட்டியின் செருக்கும் ஒரே கைதியிடமிருந்து வந்தவை. இவ்விடத்தில் நீதிமன்றக் காட்சியும் நினைக்கத்தக்கது. ஒரே வழக்கில், கனவான் தோற்றமுடைய கொம்பேசனுக்கு ஏழாண்டுத் தண்டனை. அவனுக்குக் கருவியாயிருந்த மக்விச்சுக்குப் பதினான்கு. சட்டமும் சப்பாத்தைப் பார்த்தே தீர்ப்பளிக்கின்றது.

இந்நாவலைச் செருக்குற்றவன் திருந்திய கதையென விளக்குவோர் உளர். அவ்வளவில் அமைதி காண என்னால் முடியவில்லை. பிப் திருந்துகிறான் என்பது மெய்யே. ஆயின், திரும்பிச் செல்ல அவனுக்கு இடமில்லை. நோயுற்றவனைப் பேணி, அவனது கடனையும் அடைத்து, அவன் உடல் தேறியதும் மீண்டும் 'ஐயா' என்றழைக்கத் தொடங்கிய ஜோ, ஒரு விடியற்காலையிற் சொல்லாமலே ஊர் சென்றுவிடுகிறான். பிடியை மணம் கேட்கும் எண்ணத்துடன் பின்தொடர்ந்து பட்டறைக்குச் செல்கிறான் பிப். அன்று பிடிக்கும் ஜோவுக்கும் திருமணநாள். கொல்லுலைத் தொழிலை அவன் கைகள் மறந்துவிட்டன; கனவானாக வாழவோ பணமில்லை. எஞ்சியது கெய்ரோவில் ஒரு வணிக நிலையத்தில் எழுதுவினைஞர் வேலை.

பதினோராண்டுகளின் பின் அவன் அவ்வீட்டுக் கதவை மெல்லத் திறக்கிறான். அடுப்பொளியில், முன்பு தான் அமர்ந்த சிறு முக்காலியிலே, தன் பெயரே சூட்டப்பட்ட ஜோவின் மகன் அமர்ந்திருக்கக் காண்கிறான். அப்பிள்ளையை என்றாவது ஒருநாள் தனக்குத் தரவேண்டும், அன்றேல் இரவலாகவாவது தரவேண்டுமென்று பிடியிடம் கேட்கிறான். அவள் மென்மையாக மறுத்துவிடுகிறாள்.