ஆற்றுக்குக் கீழே ஊர்கள்

மலை என்பதே இல்லாத வட்டாரம். இங்கே சைக்கிளில் வருபவர் ஏற வேண்டிய மேடு ஒன்றே ஒன்றுதான்: ஆற்றங்கரை. தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரம். அதையும் சரிவுப் பாதை வழியாக மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். மேலே வந்ததும்தான் விஷயம் புரிகிறது. ஒரு பக்கம் லெக் ஆறு, மறுபக்கம் ஊர். ஆறு மேலே இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது. கரையையொட்டிய வீடுகளின் கூரை ஓடுகள் சைக்கிளில் போகிறவரின் கண் மட்டத்துக்கு வருகின்றன. மழைக்காலத்தில் ஆறு நிரம்பிவிட்டால் தண்ணீர் அந்த வீடுகளின் சமையலறை ஜன்னலைவிட உயரத்தில் ஓடும்.

நெதர்லாந்தின் நடுப்பகுதியில், உட்ரெக்ட்டுக்குத் தெற்கே ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது கூலம்போர்க். இங்கிருந்து கரை மேலேயே கிழக்கே பூசிகம் வரை போய், படகில் ஆற்றைக் கடந்து, வடகரை வழியாகத் திரும்பி, மறுபடியும் படகேறி கூலம்போர்க்குக்கே வந்து சேரும் சுற்று ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். சைக்கிள் பழகி நெடுநாளானவர்களுக்கும் அரை நாள் போதும். வாடகைக் கடைகளில் தரும் சைக்கிள்களில் பலவற்றுக்குக் கையில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும். இந்தியர்கள் கடை வாசலிலேயே இரண்டு முறை பழகிக்கொள்வது உத்தமம்.

வழி கேட்க வேண்டிய அவசியமே இல்லை. சந்திப்புக்குச் சந்திப்பு ஓர் எண் பலகை. எந்தெந்த எண்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டால் போதும். இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தவர் ஹியூகோ போலன் என்ற பெல்ஜியச் சுரங்கப் பொறியாளர். 1995இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியில் தொடங்கியது பிறகு நெதர்லாந்து முழுவதும் பரவியது. பூமிக்கடியில் வழி தவறாமலிருக்கச் செய்த யோசனை, வானம் மட்டுமே கூரையாக இருக்கும் இந்தச் சமவெளிக்கு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது ஆச்சரியம்தான்.

கூலம்போர்க் 1318இல் நகர உரிமை பெற்ற ஊர். சிறியது, அழகானது, அவசரமில்லாதது. ஆனால் இங்கே பிறந்த இரண்டு பேர் உலகத்தைச் சும்மா விடவில்லை. ஒருவர் 1593இல் பிறந்த அந்தோனி வான் டீமன். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக பட்டாவியாவில் அமர்ந்திருந்தபோதுதான் காலியும் மலாக்காவும் போர்த்துக்கீசியர் கையிலிருந்து பறிபோயின. மற்றவர் 1619இல் பிறந்த யான் வான் ரீபேக். 1652இல் நன்னம்பிக்கை முனையில் இறங்கி, பின்னாளில் தென்னாப்பிரிக்காவாகப் போகும் மண்ணில் டச்சுக் குடியிருப்பை ஊன்றியவர். அந்த முனைக்கு அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர்களும் உண்டு.

கூலம்போர்க் இப்போது இருப்பது கெல்டர்லாந்து மாநிலத்தில். சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கோட்டையின் பெயர் கெல்டரியா. கெல்டர்லாந்தின் லத்தீன் வடிவம்தான் அது. புதர் மண்டிக் கிடக்கும் அந்தக் கோட்டை மேட்டையும், பக்கத்திலுள்ள டச்சுக் கல்லறைகளையும் பார்த்தவர்களுக்கு இந்த அமைதியான ஆற்றோரம் சற்று வேறு மாதிரித் தெரியும். துணிக்கும் அடிமைக்கும் கப்பல் அனுப்பியவர்கள் இப்படிப்பட்ட செங்கல் வீதிகளிலிருந்துதான் கிளம்பினார்கள்.

ஊரை விட்டு வெளியே வந்தால் பழத்தோட்டங்கள். ஆப்பிள், பேரிக்காய், செர்ரி. ஏப்ரலில் எல்லாம் பூத்துக் கிடக்கும். பயணத்துக்கு அதுவே நல்ல காலம். அந்தப் பூக்களுக்கு இரவுப் பனியே எமன். அதனால் உறைபனி எதிர்பார்க்கும் இரவுகளில் விவசாயிகள் தோட்டம் முழுக்கத் தண்ணீர் தெளிக்கிறார்கள். தண்ணீர் பூவின் மேல் உறைந்து கண்ணாடி உறை போலாகிறது. உறையும்போது வெளிப்படும் வெப்பம் பூவைக் காப்பாற்றிவிடுகிறது. பனியிலிருந்து பனியாலேயே பாதுகாப்பு! கோடையில் போனால் வீட்டு வாசல்களில் பழக்கூடைகளும் உண்டியலும் இருக்கும். விற்பவர் இருக்கமாட்டார்.

பூசிகத்தில் படகேறி வடகரை சேர்ந்ததும், நேரமிருப்பவர்கள் உடனே மேற்கே திரும்பாமல் ஆம்ஸ்டர்டாம்-ரைன் கால்வாயைத் தாண்டி வெய்க் பெய் தூர்ஸ்தேட வரை போய் வரலாம். தெரு ஒன்று காற்றாலைக்கு அடியில் புகுந்து வெளியே போகும் விநோதம் அங்கே உண்டு. யாக்கோப் வான் ரைஸ்டாலின் புகழ்பெற்ற காற்றாலை ஓவியத்தில் இருப்பது இதுதான் என்று பயணிகள் படமெடுத்துத் தள்ளுகிறார்கள். அது வேறு ஆலை, இப்போது இல்லை.

அந்த ஊரின் பெரிய சங்கதி ஆலையல்ல, ஆறு. ரைன் நதியின் பெயர் இங்கேதான் தடம் மாறுகிறது. பெருவெள்ளம் லெக் என்ற புதுப் பெயரில் மேற்கே போகிறது. ரைன் என்ற பழம்பெயரோ உட்ரெக்ட் நோக்கி வளைந்து செல்லும் ஒரு சிற்றோடைக்குப் போய்விட்டது. 1122இல் உட்ரெக்ட் பிஷப் அந்தக் கிளையின் வாயை அணை போட்டு அடைத்ததன் விளைவு இது. தொள்ளாயிரம் ஆண்டுகளாக லெக்கின் இரு கரைகளும் உயர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

வடகரையில் மேற்கே திரும்பும்போது இயந்திரங்களும் மண் குவியல்களும் தட்டுப்படலாம். இந்தக் கரை உடைந்தால் மூழ்குவது பக்கத்து வயல் மட்டுமல்ல. தண்ணீர் உட்ரெக்ட் வழியாக ஆம்ஸ்டர்டாம் வரை போகக்கூடும். அதனால் அமரோங்கனிலிருந்து ஸ்கூன்ஹோவன் வரை 55 கிலோமீட்டர் கரையைப் பலப்படுத்தும் வேலை எடுக்கப்பட்டிருக்கிறது. கரை மேல் தண்ணீர் வழிவது மட்டுமே ஆபத்தல்ல. கரைக்கு அடியிலுள்ள மணலில் தண்ணீர் கசிந்து, மணலைத் துளித்துளியாக இழுத்துக்கொண்டு மறுபக்கம் ஊற்றாகக் கிளம்பும். வெளியே தெரியாமல் உள்ளே குழாய் விழுந்துவிடும். கரையை எலி தின்ற மாதிரி.

இந்த வேலைகள் சுலபமாக நடந்ததில்லை. 1970களில் வால் ஆற்றங்கரையில் பிரேக்கல் என்ற ஊரில் கரையை அகலப்படுத்த வீடுகளை வரிசையாக இடித்தார்கள். பாதுகாப்பின் பெயரால் ஊரையே அழிப்பதா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் கிளம்பினார்கள். வேலை தாமதமானது. 1993 டிசம்பரிலும் 1995 ஜனவரி இறுதியிலும் ஆறுகள் பொங்கின. 1995இல் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் கால்நடைகளோடு வீடுகளைக் காலி செய்து வெளியேறினார்கள். கரைகள் தாங்கின, ஆனால் மயிரிழையில். இப்போது யாரும் சும்மா இருக்கவில்லை. உடனடியாகத் தனிச் சட்டமே வந்தது.

அதற்குப் பிறகு வந்த யோசனைதான் சுவையானது. கரையை உயர்த்திக்கொண்டே போவதற்குப் பதில், ஆற்றுக்கு இடம் விடுவது. முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள், பக்கக் கால்வாய் வெட்டினார்கள். ஓவர்டீப் என்ற பகுதியில் விவசாயிகள் தாங்களே திட்டம் போட்டு, நிலத்தை வெள்ளத்துக்கு விட்டுக்கொடுத்து, செயற்கை மேடுகளின் மேல் பண்ணை வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். சம்மதிக்காமல் இடம்பெயர்ந்து போனவர்களும் உண்டு. திட்டம் வெற்றி என்று எழுதுகிறவர்கள் அவர்களை விட்டுவிடுகிறார்கள்.

இதையெல்லாம் நடத்துவது பெரும்பாலும் நீர் வாரியங்கள். நாட்டில் மொத்தம் 21. பல நூற்றாண்டுகளாக இருப்பவை. நான்காண்டுக்கொரு தேர்தல், தனி வரி. கரையைக் காக்கவென்றே ஓட்டுப் போடும் ஜனங்களைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

எதிர்க்கரையில் கூலம்போர்க் தெரியும்போது கால் வலிக்கத் தொடங்கியிருக்கும். காரணம் தூரமல்ல, காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட அதே காற்று திரும்பும்போது முகத்தில் அறையும். மேடில்லாத நாட்டின் மேடு அதுதான். படகு கட்டணம் கொஞ்சம்தான். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே துறைப் பலகையில் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.