புள்ளிக்குப் பின்னே மூன்றெழுத்து

பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா? ஊசிக்கு உலக்கை என்று பெயர் சூட்டிவிட்டால் அதைக்கொண்டு நெல் குத்த இயலுமா? இயலாது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கணிப்பொறி என்னும் உலகத்திலே பெயரின் கடைசி மூன்றெழுத்தை மாற்றியதும் பூட்டிக் கிடந்த பெட்டி ஒன்று திறந்துகொள்வதை நான் கண்ணாரக் கண்டேன். நான் கணிப்பொறி அறிவியல் பயில்பவன் அல்லன், வரலாற்று மாணவன். விளையாட்டாகத் தொடங்கிய ஒன்று எனக்குச் சில உண்மைகளைக் கற்றுத் தந்தது. அவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் வகுப்பிலே பகுபத உறுப்புகளைப் படித்திருக்கிறோம். 'ஓடினான்' என்ற சொல்லில் 'ஓடு' என்பது பகுதி. 'ஆன்' என்பது விகுதி. ஓடியவர் ஆணா, பெண்ணா என்பதை விகுதிதான் சொல்கிறது. கணிப்பொறியில் உள்ள கோப்புகளின் பெயரும் இப்படித்தான். முதலில் நாம் சூட்டும் பெயர்; அடுத்து ஒரு புள்ளி; அதன் பின் பெரும்பாலும் மூன்றெழுத்து. இதனை 'எக்ஸ்டென்ஷன்' என்பார்கள். நான் விகுதி என்றே சொல்லிவிடுகிறேன். ஜே.பி.ஜி. என்று முடிந்தால் படம், டி.எக்ஸ்.டி. என்று முடிந்தால் எழுத்து, இ.எக்ஸ்.இ. என்று முடிந்தால் இயங்கும் நிரல். டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டெழுத்து, விகுதிக்கு மூன்றெழுத்து என்று கண்டிப்பான அளவு இருந்தது. 1995-இல் விண்டோஸ் 95 வந்த பிறகு நீண்ட பெயர்கள் வைக்க வழி பிறந்தது. எனினும் மூன்றெழுத்துப் பழக்கம் முற்றிலும் மறையவில்லை.

எங்கள் விடுதி அறையில் நால்வருக்குமாக ஒரே ஒரு பழைய மடிக்கணினி. அதிலே 'ஓப்பன் அரினா' என்ற விளையாட்டு உண்டு. இது விலையின்றிக் கிடைப்பது. மாற்றவும் பகிரவும் உரிமை தந்து வெளியிடப்பட்டது. 1999-இல் வந்த 'குவேக் 3' என்ற விளையாட்டின் இயக்கு நிரலை அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தார் 2005-இல் உலகுக்குத் திறந்துவிட்டார்கள். அந்த அடித்தளத்தின் மீது எழுந்ததுதான் ஓப்பன் அரினா. அதன் படங்களும் ஒலிகளும் பி.கே.3 என்ற விகுதி கொண்ட கோப்புகளுக்குள் அடைந்து கிடக்கின்றன. இரு முறை தட்டினால், இதை எதைக்கொண்டு திறப்பது என்று கணிப்பொறி நம்மையே திருப்பிக் கேட்கும்.

அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்தேன். நகலின் விகுதியை 'ஜிப்' என்று மாற்றினேன். "விகுதியை மாற்றினால் கோப்பு பயனற்றுப் போகலாம், உறுதிதானா?" என்று விண்டோஸ் எச்சரித்தது. அருகில் இருந்த நண்பன், "ஏன்டா, பேரை மாத்தினா ஆளு மாறிடுவானா?" என்று கேட்டுச் சிரித்தான். ஆம் என்று அழுத்தினேன். கோப்பு திறந்தது! உள்ளே வரிசையாகக் கோப்புறைகள்: சுவர்களின் படங்கள், ஆயுதங்களின் உருவங்கள், வெடியோசைகள். நாங்கள் மாதக்கணக்கில் ஓடிப் பாய்ந்த அரங்கம் முழுவதும் பொட்டலம் பொட்டலமாக அங்கே இருந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. பி.கே.3 கோப்பு பிறப்பிலேயே ஜிப் கோப்புதான். வேறு சட்டை அணிந்திருந்தது, அவ்வளவே. ஜிப் முறையை 1989-இல் உருவாக்கியவர் அமெரிக்கரான ஃபில் கட்ஸ். அத்தகைய கோப்பின் தொடக்கத்தில் இன்றும் 'பி.கே.' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். அவை அவர் பெயரின் முதலெழுத்துகள். அவர் 2000-இல் மறைந்துவிட்டார். ஆயினும் உலகெங்கும் ஒவ்வொரு நாளும் உருவாகும் எண்ணற்ற கோப்புகளின் நெற்றியில் அவர் பெயர் பொறிக்கப்படுகிறது. கல்வெட்டுப் படிக்கும் வரலாற்று மாணவனுக்கு இது வியப்பளிக்காமல் இருக்குமா?

பிறகு வேலையைத் தொடங்கினேன். உள்ளிருந்த சுவர்ப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குப் பதிலாக நம் கல்லூரியின் செங்கல் சுவரைப் படம் பிடித்து, 512-க்கு 512 புள்ளிகள் என்ற அளவுக்கு வெட்டினேன். பழைய படத்துக்கு என்ன பெயரோ, அதே பெயர். அது எந்தக் கோப்புறையில் இருந்ததோ, அதே பெயருள்ள கோப்புறை. அந்தக் கோப்புறையை மட்டும் ஜிப்பாகக் கட்டி, விகுதியை மீண்டும் பி.கே.3 ஆக்கினேன். பெயரின் தொடக்கத்தில் ஆங்கிலத்தின் கடைசி எழுத்தான 'இசட்' என்பதை இரண்டு முறை இட்டேன். ஏனெனில் இந்த விளையாட்டு தன் கோப்புகளை அகர வரிசையில் அடுக்கிக்கொள்கிறது. ஒரே பெயரில் இரண்டு படங்கள் இருந்தால் வரிசையில் பின்னே வருவதே வெல்லும். கடைசி வரிசைக்காரனுக்கு முதல் மரியாதை கிடைக்கும் இடம் இது ஒன்றுதான் போலும்!

விளையாட்டைத் திறந்தோம். நம் கல்லூரிச் சுவர் அங்கே நின்றது. பக்கத்து அறைகளில் இருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். மூலக் கோப்பை நான் தொடவே இல்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். புதிய கோப்பை நீக்கிவிட்டால் பழைய அரங்கம் அப்படியே திரும்பிவிடும். மூல ஓலையைப் பாதுகாத்துவிட்டுப் படி எடுத்துப் பயிலும் ஒழுங்கு இங்கும் பொருந்துகிறது.

இவ்வாறு விளையாட்டுகளை மாற்றியமைப்பதை 'மாட்' செய்தல் என்பார்கள். 1993-இல் வெளிவந்த 'டூம்' விளையாட்டு இதற்குப் பெருவழி அமைத்தது. அதை ஆக்கியோர் இயக்கும் நிரலைத் தனியாகவும், படம், ஒலி, அரங்கம் ஆகியவற்றை 'வாட்' என்ற விகுதி கொண்ட கோப்பில் தனியாகவும் வைத்தார்கள். விளையாடியவர்கள் தாங்களே அரங்குகள் அமைக்கத் தொடங்கினார்கள். 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டுக்கு இரண்டு இளைஞர்கள் 1999-இல் செய்த மாற்றமே பின்னர்ப் புகழ்பெற்ற 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆயிற்று. பார்வையாளன் படைப்பாளி ஆகும் வாசல் இது.

ஆனால் விகுதியை மாற்றினால் எதுவும் எதுவாகவும் ஆகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. டூமின் வாட் கோப்பை ஜிப் என்று மாற்றினால் அது திறக்காது. அதன் உள்ளமைப்பே வேறு. 'மைன்கிராஃப்ட்' விளையாட்டின் கதை இன்னும் தெளிவானது. அதில் மொழிச் சொற்களுக்கான கோப்பு முன்பு 'லேங்' என்று முடிந்தது. 2018-இல் வந்த 1.13 பதிப்பில் அது 'ஜேசன்' ஆயிற்று. பழைய மொழிக்கோப்பின் விகுதியை மட்டும் மாற்றி வைத்தால் விளையாட்டு ஏற்காது. வரிக்கு வரி 'இதற்கு இது' என்று சமக்குறியிட்டு எழுதியதை, மேற்கோள் குறியும் முக்காற்புள்ளியும் இட்டுப் புதிய இலக்கணத்தில் எழுத வேண்டும். 'ஓடினான்' என்பதை 'ஓடினாள்' என்று திருத்தினால் படிப்பவர் பெண் என்று கொள்வார். ஓடியவன் பெண்ணாகிவிட மாட்டான். நண்பன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: ஆள் மாறுவதில்லை, அவனை வரவேற்கும் கதவு மாறுகிறது.

கதவு மாறுவது எப்போதும் நன்மைக்கே என்று சொல்ல முடியுமா? கார் விளையாட்டு ஒன்றுக்குப் புதிய கார் வேண்டும் என்று அதே நண்பன் எங்கிருந்தோ ஒரு கோப்பை இறக்கினான். பெயர் ஜே.பி.ஜி. என்று முடிந்தது. படம்தானே என்று திறக்கப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். விண்டோஸ் தனக்குத் தெரிந்த விகுதிகளை வழக்கமாக மறைத்துவிடும். எனவே கண்ணுக்குத் தெரியும் ஜே.பி.ஜி. விகுதியாக இருக்க முடியாது. 'வியூ' பட்டியலுக்குச் சென்று விகுதிகளைக் காட்டும்படி செய்தேன். ஜே.பி.ஜி.க்குப் பின்னே இன்னொரு புள்ளியும் இ.எக்ஸ்.இ. என்ற எழுத்துகளும் முகம் காட்டின! படம் என்ற போர்வையில் ஒரு நிரல். அந்த மடிக்கணினியில்தான் எங்களுள் இறுதியாண்டு பயிலும் ஒருவரின் ஆய்வேடு இருந்தது. வேறு நகல் இல்லை. கோப்பை அப்போதே நீக்கினோம். அன்றிரவே ஆய்வேட்டுக்கு இரண்டு நகல்கள் எடுத்தோம்.

இந்தத் தந்திரம் புதியதன்று. 2000-ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து புறப்பட்ட 'ஐ லவ் யூ' என்ற கணிப்பொறிப் புழு, காதல் கடிதம் என்ற பெயரோடு மின்னஞ்சலில் உலகைச் சுற்றியது. டி.எக்ஸ்.டி. என்பதே பலர் கண்ணுக்குத் தெரிந்தது. அதன் பின்னே இருந்த வி.பி.எஸ். மறைந்திருந்தது. திறந்தவர்களின் படக் கோப்புகளை அது அழித்து அவ்விடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. 'ஜி.டி.ஏ. சான் ஆன்ட்ரியஸ்' விளையாட்டை மாற்றுவோர் ஏ.எஸ்.ஐ. என்று முடியும் கோப்புகளைப் பயன்படுத்துவார்கள். அவையும் பெயர் மாற்றிய டி.எல்.எல். நிரல்களே. நல்லவர் செய்தால் நல்ல வேலை செய்யும்; தீயவர் செய்தால் தீமையும் செய்யும். ஆகவே யார் தந்தது என்று அறியாத எதையும் நம்பித் திறத்தல் கூடாது.

மாணவ நண்பர்களுக்குப் பயன்படும் ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். 2007 முதல் 'வேர்டு' கோப்புகளின் வழக்கமான விகுதி 'டாக்எக்ஸ்'. அதுவும் சட்டை மாற்றிய ஜிப்தான். உங்கள் கட்டுரைக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, விகுதியை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். 'வேர்டு' என்ற கோப்புறைக்குள் 'மீடியா' என்று ஒன்று இருக்கும். கட்டுரையில் ஒட்டிய படங்கள் எல்லாம் அங்கே தனித்தனியாகக் கிடைக்கும். மூலப் படத்தைத் தொலைத்துவிட்டவர்களுக்கு இது பெரிய உதவி.

கணிப்பொறி என்பது தொடக் கூடாத கருவறை அன்று. அதன் உள்ளேயும் மனிதர் கட்டிய கட்டுகளே இருக்கின்றன. மனிதர் கட்டியதை மனிதர் அவிழ்க்க இயலும். ஆனால் அவிழ்க்கும் முன் நகல் எடுக்க வேண்டும். திறக்கும் முன் முழுப் பெயரையும் படிக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்; விகுதியில் மட்டும் எழுதப்பட்ட தகுதியும் அத்தகையதே. பெயரைக் கேட்டு மயங்காமல், பெயரைக் கண்டு அஞ்சாமல், உள்ளே இருப்பதை ஆராய்ந்து காண்பதுதானே கல்லூரிக்கு வந்த நாம் கற்க வேண்டிய கல்வி!