பாதை



சென்ற தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், எங்கள் சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஸ்காபரோவிலிருந்து கிங்ஸ்ரன் திசை நோக்கிப் புறப்பட்டேன். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

அவருடைய இளைய மகன் கிங்ஸ்ரனுக்கு இப்பால் உள்ள ஒரு சிறைச்சாலையில் இருக்கிறார். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டினார். அருகில் அமர்ந்திருந்த நண்பர் உயிரிழந்தார். தாயார் மாதந்தோறும் யாரையாவது வேண்டிக்கொண்டு போய்ப் பார்த்து வருவார். தந்தை ஒருமுறையேனும் போனதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் கெட்ட குமாரன் உவமையைப் பிரசங்கித்தபோது, பாதியில் எழுந்து மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவரை மனத்தில் வைத்து நான் அந்தப் பகுதியைத் தெரிந்தெடுக்கவில்லை என்று அன்று பலரிடம் சொன்னேன். உண்மையில் ஓரளவு அவரை மனத்தில் வைத்தே தெரிந்தெடுத்திருந்தேன்.

தாயாருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. இரண்டு மாதங்களாக மகனைப் பார்க்க யாரும் போகவில்லை. "நீங்கள் ஒருக்காப் போட்டு வாங்கோ" என்று அவர் கணவரிடம் கேட்டிருக்கிறார். சந்திப்போருக்கான விண்ணப்பத்தில் மனைவியின் வற்புறுத்தலால் என்றோ அவர் கையொப்பமிட்டிருந்தார், அனுமதியும் கிடைத்திருந்தது. காரில் ஏறும்போதே என்னிடம் சொல்லிவிட்டார்: "நான் வாறன் ஐயா. ஆனா உள்ளுக்குப் போக மாட்டன். காருக்குள்ளையே இருக்கிறன். நீங்கள் போய்ப் பாருங்கோ." எனக்கு அன்று சந்திப்பு அனுமதி இல்லை என்பதை அவருக்கு நான் சொல்லவில்லை.

புறப்படவே பத்து மணியாகிவிட்டது. ரொறன்ரோவிலிருந்து கிங்ஸ்ரன் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். நெடுஞ்சாலை 401 திறந்திருந்தால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சந்திப்பு நேரம் மாலை மூன்றரையோடு முடியும். ஆகவே எனக்கு அவசரம் தோன்றவில்லை.

பெல்வில் நகரை அண்மித்தபோது, ஒன்ராறியோ ஏரியின் பக்கமிருந்து காற்று எழுந்து வயல்வெளிகளின் பனியை வாரி வீதியின் மேல் வீசத் தொடங்கியது. சற்று நேரத்தில் முன்னால் சென்ற லொறியின் பின்விளக்கும் தெரியவில்லை. பின் வாகனங்கள் எல்லாம் நின்றன. நெப்பனி வரைக்கும் நெடுஞ்சாலை மூடப்பட்டுவிட்டது என்றும், பல வாகனங்கள் ஒன்றோடொன்று மோதிவிட்டன என்றும் வானொலி அறிவித்தது. காவற்றுறையினர் எல்லோரையும் வெளியேறும் வழியால் திருப்பி விட்டார்கள். அதற்கு இணையாகச் செல்லும் பழைய நெடுஞ்சாலை 2இலும் வாகனங்கள் அசையவில்லை. தெற்கே திரும்பி, குயின்ரி விரிகுடாவின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, பிரின்ஸ் எட்வேட் கவுன்ரிக்குள் இறங்கி, புளூம்பீல்ட், பிக்ரன் ஊர்கள் வழியாகக் கிளெனோராத் துறைக்குப் போய், அங்கிருந்து வாகனப் படகில் அக்கரை சேர்வதே எஞ்சியிருந்த வழி.

பிரசங்கிகளுக்கு ஒரு நோய் உண்டு. வழியில் கல் தடுக்கினாலும் அதற்குள் ஒரு பிரசங்கம் இருப்பதாக எண்ணுவோம். பாலத்தைத் தாண்டும்போதே எனக்கு ஞாயிறு காலைப் பொருள் கிடைத்துவிட்டது: எகிப்தைவிட்டு வந்த இஸ்ரவேலரைத் தேவன் அண்மையான பெலிஸ்தர் நாட்டு வழியாக நடத்தாமல், வனாந்தரத்தின் சுற்றுவழியாக நடத்திய சம்பவம். முன்னோட்டமாக அதை அருகில் இருந்தவருக்குச் சொல்லத் தொடங்கினேன். "பாருங்கோ ஐயா, கர்த்தர் சில நேரங்களில் நேர்வழியை அடைப்பது..."

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி, "அங்கை அடிபட்டது ஆற்றை பிள்ளையளோ" என்றார்.

அதன்பின் புளூம்பீல்ட் வரும்வரை நான் வாய் திறக்கவில்லை.

கோடையில் அந்தக் கவுன்ரிக்குப் போனவர்களுக்குத் திராட்சைத் தோட்டங்களும் ஏரிக்கரை மணலும் நினைவிருக்கும். பனிக்காலத்தில் அது வேறு நாடு. கொடிகள் மண்ணுக்குள் புதைந்து, அவற்றைத் தாங்கும் கட்டைகள் மட்டும் வரிசை வரிசையாக நிற்கின்றன. களஞ்சியங்களின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் பனி ஒட்டியிருந்தது. வீதியின் ஓரம் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்பதை வேலிக்கம்பங்களைக் கொண்டே ஊகிக்கவேண்டியிருந்தது. ஒரு முழம் தள்ளி ஓட்டினால் வாய்க்காலுக்குள் இறங்கியிருப்போம். இருபது நிமிடத்தில் கடக்கும் தூரத்துக்கு ஒரு மணி நேரம் சென்றது.

பிக்ரனைத் தாண்டிக் கிளெனோராவை அடைந்தபோது மணி ஒன்றரை. எங்களைப் போலவே யோசித்தவர்கள் பலர் இருந்தார்கள். மலைச்சரிவில் வாகன வரிசை நீண்டு கிடந்தது. மேலே, விரிகுடாவுக்கு ஏறத்தாழ அறுபது மீற்றர் உயரத்தில், மலைமேல் ஏரி என்று அழைக்கப்படும் நன்னீர் ஏரி ஒன்று இருக்கிறது. அதன் நீரைக்கொண்டு இந்தக் கரையில் ஒருகாலத்தில் ஆலைகள் இயங்கின. கனடாவின் முதற் பிரதமரான ஜோன் ஏ. மக்டொனால்டின் தந்தை இங்கே ஆலை நடத்தியவர். இவற்றை நான் வழிகாட்டியைப் போல ஒப்புவித்துக்கொண்டிருந்தேன். மௌனத்தைத் தாங்க முடியாதவன் பேசும் பேச்சு அது. படகு அரைமணிக்கு ஒன்று. முதற்படகில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

கார் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கண்ணாடிகளில் மூச்சு படிந்து வெளியுலகம் மறைந்தது. அப்போது அவராகவே பேசினார்.

"எல்லாரும் நினைக்கிறியள், எனக்கு அவனிலை கோவமெண்டு. மானம் போச்செண்டு நான் போகேல்லை எண்டு."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சொல்லவில்லை.

"செத்த பிள்ளையின்ரை தேப்பனும் நானும் பதினொரு வருசம் ஒரே பக்ரறியிலை நிண்டனாங்கள் ஐயா. ஒண்டாச் சாப்பிட்டனாங்கள். நான் சனிக்கிழமையிலை வெளிக்கிட்டு என்ரை பிள்ளையைப் பாக்கப் போனா, அந்த மனுசன் ஆரைப் பாக்கப் போறது?"

இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றும் இல்லை. மூன்று ஆண்டுகள் ஞாயிறுதோறும் கை குலுக்கி வழியனுப்பிய ஒருவரின் மனத்தில் இருந்தது இதுவென்று நான் அறியாதிருந்தேன். இறந்த மகனின் தந்தைக்காகத் தன் மகனை இழக்க இவர் சம்மதித்திருந்தார். நானோ அவருக்கு மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வரிசை நகர்ந்தது.

படகில் ஏறினோம். அந்தக் கடவைக்குக் கட்டணம் கிடையாது. அக்கரைக்குக் கால்மணி நேரம். இரு பக்கமும் பனிக்கட்டிப் பாளங்கள் வெண்மையாய்க் கிடக்க, நடுவே ஒரு கரிய நீர்த்தடம் மாத்திரம் திறந்திருந்தது. உடைந்த பாளங்கள் படகின் விலாவில் உராயும் ஒலி, யாரோ பெரிய பாத்திரங்களைக் கழுவுவதுபோல இருந்தது. அவர் கதவைத் திறந்து இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளிர் எலும்பைத் துளைத்தது. நானும் இறங்கி அருகே போனேன்.

"இதுக்கு இஞ்சை என்ன பேர்?" என்றார்.

"ஃபெரி எண்டு சொல்லுவினம்."

"நாங்கள் பாதை எண்டுதானே சொல்லுறது."

ஈழத்தவரல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் ஊர்களில் கடலைக் கடக்க மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவைக்கே பாதை என்று பெயர். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் அப்படி ஒரு பாதை உண்டு. அந்த நீரிணையின் வாயிலில் ஒல்லாந்தர் காலத்துக் கடற்கோட்டை நிற்கும். இவர் காரைநகரில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் தகப்பனாரின் சைக்கிளைச் சந்தையில் தொலைத்துவிட்டு, அடிக்குப் பயந்து, பாதையேறி ஊர்காவற்றுறையில் மாமி வீட்டில் ஒளிந்துகொண்டாராம்.

"கடைசிப் பாதையிலை அப்பு வந்தார். சைக்கிள் இல்லைத்தானே, துறைக்கு நடந்து வந்திருக்கிறார். வந்து என்ரை கையைப் பிடிச்சவர். திரும்பி வாற வழியிலை ஒரு கதை இல்லை."

"அடிக்கவில்லையா?"

"வீட்டை போய் அடிச்சவர்தான். நல்லா அடிச்சவர்." சிறிது நேரம் பனிக்கட்டியைப் பார்த்தார். "ஆனா வந்தவர் பாருங்கோ."

அக்கரையில் அடோல்பஸ்ரவுனில் இறங்கியபோது மணி இரண்டரைக்கு மேல். அங்கிருந்து வீதி 33 நீரோரமாகவே பாத் கிராமம் நோக்கிச் செல்கிறது. 1784இல் அமெரிக்கப் புரட்சியால் நாடிழந்த குடும்பங்கள் வந்திறங்கிய கரை அது. வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில் ஹே பே என்னும் குடாக்கரையில், 1792இல் அவர்கள் எழுப்பிய மெதடிஸ்த ஆலயம் இன்றும் நிற்கிறது. கோடையில் ஒருமுறை போயிருக்கிறேன். வெள்ளைப் பலகைச் சுவர், எளிய மாடங்கள். 1819 ஆவணி மாதத்தில், அந்த ஆலயத்தில் நடந்த கூட்டத்துக்கு வருவதற்காக இளையோர் சிலர் ஒரு படகில் குடாவைக் கடந்தார்கள். கரையை அண்மித்த வேளையில் படகு நீர்கொண்டு மூழ்கி, பத்துப் பேர் மாண்டார்கள். கூடியிருந்தவர்கள் ஆராதனையை விட்டு நீருக்கு ஓடவேண்டியதாயிற்று. ஆராதனைக்கு வந்தவர்கள், நேர்வழியால் வந்தவர்கள். அன்று அந்தப் போதகர் பிரசங்க பீடத்தில் ஏறி என்ன சொல்லியிருப்பார் என்று கோடையிலும் யோசித்தேன், அன்றும் யோசித்தேன். நான் ஆயத்தம் செய்த சுற்றுவழிப் பிரசங்கத்தை அவர் முன்னிலையில் சொல்ல எனக்குத் துணிவு வந்திராது.

பாத் வீதியில் காற்று குறையவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. ஆனால் சிறைச்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில் நான் காரை நிறுத்துமுன்பே ஆசனப் பட்டியைக் கழற்றிவிட்டார். மணி மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"ஐடி காட்டவேணுமோ?"

"ஓம். தொலைபேசியை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்."

தொலைபேசி, பணப்பை, சட்டைப்பையில் கிடந்த மருந்துக் குளிசைகள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஆசனத்தில் வைத்தார். அடையாள அட்டையை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, பனியில் வழுக்காமல் சிறு சிறு அடிகளாக வாசலை நோக்கி நடந்தார். நான் காருக்குள் இருந்தேன். ஜெபிக்க முயன்றேன்; வார்த்தைகள் வரவில்லை. அவருடைய குளிசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரத்தின் பின் வந்தார். கண்கள் சிவந்திருந்தன; அது குளிராகவும் இருக்கலாம். கதவைச் சாத்திவிட்டு, "மெலிஞ்சு போனான்" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த மனுசனுக்கு ஒரு கடிதம் எழுதவேணும் எண்டு சொல்லுறான். எழுதலாமோ ஐயா? எழுதினா அந்த மனுசன் என்ன பாடுபடும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சேர்ந்து யோசிப்போம் என்றேன்.

நெடுஞ்சாலை திறந்துவிட்டதாக வானொலி சொன்னது. வடக்கே திரும்புவதற்குச் சமிக்ஞை விளக்கைப் போட்டேன்.

"பாதை இரவிலும் ஓடுமோ?" என்றார்.

"ஓடும்."

"அப்ப அதாலேயே போவம்."

கிளெனோராவுக்கு மீளும் படகில் எங்களோடு மூன்று வாகனங்களே இருந்தன. இருட்டிவிட்டது. அவர் மறுபடியும் இறங்கிக் கம்பியருகே நின்று, மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். காற்றில் அவர் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது. "ஓம், பாத்தனான்... ஓம், கதைச்சனான்... இல்லையப்பா, இன்னும் வீட்டை வரேல்லை. பாதையிலை நிக்கிறன்."